சிட்னி – லண்டன்: தூரம் ஒன்று, நேரம் பல

வாசகர் கேள்வி – பதில்

நீண்ட தூர விமானப் பயணம் குறித்துச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிட்னிக்கும் லண்டனுக்கும் இடையிலான பயணத்தைப் பற்றியே கேட்டிருந்தன. அண்ணன் ஓர் ஊரிலும் தங்கை மற்றோர் ஊரிலுமாகப் பிரிந்து வாழும் குடும்பங்கள் நம் வாசகர்களிடையே பல உண்டு என்பதால் இதில் வியப்பில்லை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்த வழித்தடத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மகன் சிட்னியில் இருக்கிறார், மகள் லண்டனில் இருக்கிறார். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரம் ஓரிடத்தில் 17,016 என்றும், ஓரிடத்தில் 10,573 என்றும், இன்னோரிடத்தில் 9,188 என்றும் போட்டிருக்கிறது. மகனின் பயணச்சீட்டுப்படி சிங்கப்பூர் வழியாகக் கூட்டிப் பார்த்தால் 17,178 கிலோமீட்டர் வருகிறது. எதை நம்புவது? – யாழ்ப்பாண வாசகர் ஒருவர்

நான்கையும் நம்பலாம். முதல் மூன்றும் ஒரே தூரம்தான். அளவைகள் மட்டுமே வேறு. 17,016 என்பது கிலோமீட்டர். 10,573 என்பது சாலைகளில் வழங்கிய மைல். 9,188 என்பது மாலுமிகளும் விமானிகளும் கையாளும் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். உருண்டையான பூமியில் ஒரு பாகைக்கு அறுபது கடல் மைல் என்று கணக்கு சுலபமாக அமைந்துவிடுவதால், கப்பல் துறையும் விமானத்துறையும் அதை விடாமல் வைத்திருக்கின்றன. சிட்னிக்கும் லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட கோணம் சுமார் 153 பாகை. அதை அறுபதால் பெருக்கினால் 9,180 வந்துவிடுகிறது. பூமியில் எந்த இரண்டு இடங்களும் ஒன்றுக்கொன்று நேர் எதிரே இருந்தால்கூட அவற்றுக்கிடையே சுமார் 20,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்க முடியாது என்பதை நினைத்தால், உங்கள் பிள்ளைகள் ஏறத்தாழ உலகின் இரண்டு கோடிகளில் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

இந்தத் தூரம் எந்தக் கோட்டில் அளக்கப்படுகிறது என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை. சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தால், அது இந்தியப் பெருங்கடலையும் அரபு நாடுகளையும் கடந்து லண்டனை அடைவது போலத் தோன்றும். ஆனால் பள்ளிகளில் இருக்கும் உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இரண்டு ஊர்களுக்கும் நடுவே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் ஆஸ்திரேலியாவைக் குறுக்காகக் கடந்து, இந்தோனேசியத் தீவுகளின் நடுவே நிலநடுக்கோட்டைத் தாண்டி, தென்சீனக் கடல், சீனா, கஜகஸ்தான் என்று வடக்கே ஏறி, மாஸ்கோவுக்கும் மேலே போய், பால்டிக் கடலைக் கடந்து லண்டனில் இறங்கும். பெருவட்டப் பாதை எனப்படும் இதுவே மிகக் குறுகிய வழி; இணையதளங்கள் தரும் தூரமும் இதுதான்.

இனி உங்கள் நான்காவது எண். சிட்னியிலிருந்து சிங்கப்பூர் 6,292 கிலோமீட்டர், அங்கிருந்து லண்டன் 10,886 கிலோமீட்டர். ஆக மொத்தம் 17,178. நேர்வழியைவிட வெறும் 162 கிலோமீட்டர்தான் அதிகம், அதாவது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பறக்கும் நேரத்தில் பத்துப் பதினொரு நிமிடத்துக்கு மேல் போகாது. இவ்வளவு நீண்ட பயணத்தின் இடையே ஓர் ஊர் இத்தனை வசதியாக அமைந்திருப்பது சிங்கப்பூருக்குக் கிடைத்த பெரும் பேறு என்றே சொல்ல வேண்டும். துபாய் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 17,540 கிலோமீட்டர். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் வழியாகச் சென்றால் ஏறத்தாழ 17,780 கிலோமீட்டர்.

இவையெல்லாம் காகிதத்துத் தூரங்கள். வானத்தில் விமானம் ஓடுகின்ற தூரம் இவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இடிமேகத்தைச் சுற்ற வேண்டியிருக்கும். இறங்குமுன் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். திபெத்திய மேட்டு நிலத்தின் மேல் நெடுந்தூரம் பறப்பதை விமான நிறுவனங்கள் கூடுமானவரை தவிர்க்கின்றன. அறைக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானம் உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும், கீழே இருக்கும் நிலமோ அதைவிட உயரமானது. போதாக்குறைக்குப் போர்கள். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்யா தன் வான்வெளியைப் பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் முதலான நாடுகளின் விமானங்களுக்கு மூடிவிட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் சென்றுகொண்டிருந்த பின்லாந்து விமானம் வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு சுமார் பதின்மூன்று மணி நேரம் பறக்க நேர்ந்தது. இரண்டு ஊர்களும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. அவற்றுக்கிடையிலான தூரத்திலும் மாற்றமில்லை.

ஜூன் மாதத்தில் சிட்னியில் மாலை 4 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை 6.30 மணிக்கு லண்டன் சேர்வதாகச் சீட்டில் இருக்கிறது. பதினான்கரை மணி நேரம்தானே ஆகிறது? திரும்பும்போது இரவு 10.30 மணிக்குப் புறப்பட்டு மூன்றாம் நாள் காலை 6.10 மணிக்குச் சேர்கிறதாம். இது என்ன கணக்கு? – கோயம்புத்தூர் வாசகி ஒருவர்

பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். ஜூனில் சிட்னிக் கடிகாரம் லண்டனைவிட ஒன்பது மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சிட்னியில் மாலை 4 மணி என்றால் லண்டனில் அன்று காலை 7 மணி; அங்கிருந்து மறுநாள் காலை 6.30 வரை எண்ணினால் இருபத்து மூன்றரை மணி நேரம் வருகிறது. திரும்பும் பயணத்தில், லண்டனில் இரவு 10.30 ஆகும்போது சிட்னியில் மறுநாள் காலை 7.30 ஆகியிருக்கும், அதற்கடுத்த நாள் காலை 6.10 வரை எண்ணினால் 22 மணி 40 நிமிடம். போகும்போது மிச்சமானதாகத் தெரிந்த ஒன்பது மணி நேரத்தை வரும்போது கடிகாரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஒன்பது என்பதும் ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. லண்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி வைக்கிறார்கள். சிட்னியில் கோடை நம் கணக்குக்குத் தலைகீழாக வருவதால் அக்டோபர் முதல் ஞாயிறன்று முன்னே தள்ளி, ஏப்ரல் முதல் ஞாயிறன்று திருப்பி வைக்கிறார்கள். இதனால் ஆண்டின் நடுப்பகுதியில் ஒன்பது, ஆண்டின் இரு முனைகளிலும் பதினொன்று, இடைப்பட்ட சில வாரங்களில் பத்து மணி நேரம் என வேறுபாடு மாறிக்கொண்டே இருக்கும். ஆண்டுதோறும் மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விமானங்களின் கால அட்டவணை மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஜூனில் போன உறவினரின் சீட்டைப் பார்த்து ஜனவரியில் போகிறவர் நேரத்தைக் கணிக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புறப்படும் நேரம் என்று சீட்டில் இருப்பது சக்கரம் தரையை விட்டு எழும் நேரம் அன்று. நிறுத்துமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கும் நேரம். சேரும் நேரம் என்பதும் ஓடுபாதையைத் தொடும் நேரமாகாது, வாயிலருகே வந்து நிற்கும் நேரமாகும். ஹீத்ரோவில் இறங்க வரும் விமானங்கள் நெரிசல் வேளைகளில் நகரைச் சுற்றிலும் குறிக்கப்பட்ட நான்கு இடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காக வட்டமிட்டு, கீழ் அடுக்கு காலியானதும் ஒவ்வொரு படியாக இறங்கி வரும். நகர்தல், காத்திருத்தல் எல்லாவற்றுக்கும் நிறுவனங்கள் முன்கூட்டியே கொஞ்சம் நேரத்தைச் சேர்த்துத்தான் அட்டவணை போடுகின்றன. அரை மணி முன்னதாகவே வந்துவிட்டோம் என்று விமானி பெருமையோடு அறிவிக்கும்போது பாதிப் பெருமை அட்டவணை போட்டவருக்குச் சேர வேண்டும்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் சிட்னியிலிருந்து மேற்கே போகும்போது லண்டன் நம்மை நோக்கி வர வேண்டும், பயணம் குறைய வேண்டும். ஆனால் மேற்கே போகும்போதுதான் நேரம் அதிகமாகிறது. ஏன்? – தஞ்சாவூர்க் கல்லூரி மாணவர் ஒருவர்

நல்ல கேள்வி; பலருக்கும் இருக்கும் ஐயம் இது. சிட்னி ஓடுபாதையில் நிற்கும் விமானம் அசையாமல் நிற்பதாக நமக்குத் தோன்றினாலும், பூமியோடு சேர்ந்து அது ஏற்கெனவே மணிக்கு சுமார் 1,385 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அதைச் சூழ்ந்திருக்கும் காற்றும் அப்படியே. மேலெழுந்த பிறகும் அந்த வேகம் விமானத்தைவிட்டுப் போவதில்லை. ஆகவே லண்டன் தேடி வரும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்று. நிலநடுக்கோட்டுப் பகுதிக்கும் துருவங்களுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து, இரு அரைக்கோளங்களின் நடுப்பகுதிகளிலும் மேற்கிலிருந்து கிழக்காக வேகமான காற்றோட்டங்களை உண்டாக்குகின்றன. ஜெட் ஸ்ட்ரீம் எனப்படும் இவை ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், விமானங்கள் பறக்கும் மட்டத்திலேயே ஓடுகின்றன. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் சாதாரணம். குளிர்காலத்தில் சில நாள்களில் 300-ஐயும் தாண்டும். 2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் புயல் வீசிய ஒரு நாளில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட போயிங் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கிலோமீட்டருக்கு மேல். விமானம் தன்னைச் சூழ்ந்த காற்றில் வழக்கமான வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்திரேலியாவுக்கு உள்ளேயே இதைக் காணலாம். சிட்னியிலிருந்து மேற்கே பெர்த் செல்ல ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பெர்த்திலிருந்து கிழக்கே சிட்னிக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம். லண்டன் பயணத்தில் வேறுபாடு இவ்வளவு இராது, ஏனெனில் வழியில் ஒரு பெரும்பகுதி நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்ப மண்டலம். அங்கே மேற்குக் காற்றின் ஆட்சி இல்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு தனிக் காற்றோட்டமே ஓடுகிறது. அதை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் இந்திய வானிலை அறிஞர் கோட்டீஸ்வரம்.

போகும்போது இழந்ததை வரும்போது காற்று திருப்பித் தந்துவிடும், ஆகவே கணக்கு நேராகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 17,000 கிலோமீட்டரை மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போய் வந்தால் பறக்கும் நேரம் மொத்தம் 37 மணி 47 நிமிடம். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்று போகும்போது எதிர்த்தும் வரும்போது தள்ளியும் வீசினால், போக 20 மணி, வர 17 மணி 54 நிமிடம். மொத்தம் 37 மணி 54 நிமிடம். ஏழு நிமிடம் நட்டம். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்கிறது, சாதகமான காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது என்பதே காரணம். காற்றின் வேகம் கூடக் கூட இந்த நட்டமும் கூடும்.

உலகம் உருண்டைதானே? சிட்னியிலிருந்து கிழக்கே அமெரிக்கா வழியாகப் போனால் காற்று சாதகமாக இருக்குமே! – சேலம் வாசகர் ஒருவர்

காற்று சாதகம்தான்; தூரம் பாதகம். லாஸ் ஏஞ்சலிஸ் வழியாகக் கூட்டினால் சுமார் 20,830 கிலோமீட்டர். கூடுதலான 3,800 கிலோமீட்டரை ஈடுகட்டும் அளவுக்கு எந்தக் காற்றும் வீசுவதில்லை. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அந்நாட்டின் குடிவரவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும் என்பது தனிச் சுமை.

போர்க்காலத்தில் எங்கள் கொக்கல ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விமானம் போனதாகப் பாட்டனார் சொல்வார். உண்மையா? அந்தக் காலத்தில் லண்டனுக்கும் சிட்னிக்கும் எத்தனை நாள் பிடித்தது? – இலங்கையின் காலி நகர வாசகர் ஒருவர்

முற்றிலும் உண்மை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானதும் லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த விமான வழி நடுவில் அறுந்தது. அதை ஒட்டுவதற்காக ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் 1943-இல் பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றிலிருந்து கொக்கல ஏரிக்குக் கேட்டலினா என்னும் நீர்விமானங்களை ஓட்டத் தொடங்கியது. இடையில் இறங்க ஓரிடமும் இல்லாத 5,600 கிலோமீட்டர் கடல். விமானத்தின் வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான். எரிபொருளை ஏற்றிய பிறகு மூன்று பயணிகளுக்கும் சிறிதளவு தபாலுக்கும் மட்டுமே இடமிருந்தது. பகைவர் காதில் விழாதிருக்க வானொலியை மூடி வைத்துவிட்டு, இரவில் விண்மீன்களைப் பார்த்துத் திசை கணித்தார்கள். பயணம் இருபத்தேழு முதல் முப்பத்து மூன்று மணி நேரம் வரை நீண்டதால், உள்ளே இருந்தவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் கண்டார்கள். இரட்டை உதயத்தின் இரகசியக் குழுவில் சேர்ந்ததாக அவர்களுக்கு ஒரு சான்றிதழும் வழங்கப்பட்டது. 1945 வரை 271 முறை கடலைக் கடந்தும் ஒரு பயணியைக்கூட இழக்காமல் அந்தச் சேவை முடிந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் இன்று உள்ள எந்தப் பயணிகள் சேவையும் அதை எட்டவில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு: 1919-இல் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரண்டு பொறியாளர்களுடன் லண்டனையடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து நவம்பர் 12 அன்று கிளம்பி டிசம்பர் 10 அன்று டார்வின் சேர்ந்து, ஆஸ்திரேலிய அரசு அறிவித்திருந்த 10,000 பவுண்டு பரிசைப் பெற்றார்கள். 1934-இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு நடந்த பந்தயத்தில் பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்லவில் ஆகிய ஊர்களில் கட்டாயம் இறங்க வேண்டும் என்பது விதி. வென்ற விமானம் 71 மணி நேரத்தில் முடித்தது. சாதாரணப் பயணிகளுக்கு அந்த வேகம் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸ் தொடங்கிய சிட்னி–லண்டன் சேவையில் இருபத்தொன்பது பயணிகள் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கி நான்கு நாள்களில் லண்டன் போய்ச் சேர்ந்தார்கள்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நிற்காமல் போகிறார்கள். சிட்னியிலிருந்து லண்டனுக்கு மட்டும் ஏன் முடியவில்லை? – சென்னை வாசகர் ஒருவர்

பறக்க முடியும், பறந்தும் காட்டிவிட்டார்கள். 1989 ஆகஸ்டில் குவாண்டாஸின் புதிய போயிங் 747-400 லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நிற்காமல் வந்தது. அதற்காக ஜெர்மனியிலிருந்து வழக்கத்தைவிட அடர்த்தியான எரிபொருளை வரவழைத்தார்கள்; எரிபொருளை மிச்சம் பிடிக்க, ஓடுபாதையின் தொடக்கம் வரை விமானத்தை வண்டியால் இழுத்துக்கொண்டே போனார்கள். உள்ளே அழைப்பின் பேரில் வந்த சிலரைத் தவிரப் பயணிகள் இல்லை. அதே விமானம் ஓய்வுபெற்று 2015-இல் சிட்னிக்குத் தெற்கே உள்ள ஓர் அருங்காட்சியகத்துக்குப் பறந்து சேர்ந்தபோது அந்தக் கடைசிப் பயணத்துக்குக் கால் மணி நேரம்தான் ஆனது. 2019 நவம்பரில் போயிங் 787-9 ஒன்று சுமார் ஐம்பது பேருடன் லண்டனிலிருந்து 17,800 கிலோமீட்டர் பறந்து 19 மணி 19 நிமிடத்தில் சிட்னியில் இறங்கியது.

விமானம் நிறையப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இதைச் செய்வதுதான் கடினம். நீண்ட பயணத்தின் கடைசி மணி நேரங்களுக்கு வேண்டிய எரிபொருளை முதல் மணி நேரத்திலிருந்தே சுமந்தாக வேண்டும். அந்தச் சுமையைத் தூக்கவே எரிபொருள் செலவாகும். அதற்கும் சேர்த்து இன்னும் ஏற்ற வேண்டும். தூரம் கூடக் கூட ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் முன்னதைவிட விலை உயர்ந்ததாகிறது. நீங்கள் குறிப்பிடும் சிங்கப்பூர்–நியூயார்க் சேவையின் தூரம் 15,349 கிலோமீட்டர்; இன்றைய பயணிகள் சேவைகளில் மிக நீண்டது அதுதான். அட்டவணைப்படி பதினெட்டரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் அந்த ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூர வகை) விமானத்தில் 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன. அவற்றில் சாதாரண வகுப்பு ஒன்றுகூட இல்லை. சிட்னி–லண்டன் அதைவிட 1,667 கிலோமீட்டர் அதிகம். மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு.

இதற்கென்றே குவாண்டாஸ் 2022-இல் பன்னிரண்டு ஏ350-1000 விமானங்களுக்கு ஆணை கொடுத்தது. அவற்றில் 20,000 லிட்டர் கொள்ளும் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்தப்படுகிறது. முந்நூறுக்கு மேற்பட்டோர் அமரத்தக்க விமானத்தில் 238 இருக்கைகளே இருக்கும். பயணம் சில நாள்களில் இருபத்திரண்டு மணி நேரம்வரை நீளலாம். ஓர் இடத்தில் நின்று போவதோடு ஒப்பிட்டால் நான்கு மணி நேரம்வரை மிச்சமாகும் என்கிறது அந்நிறுவனம். 2018 மார்ச் முதல் பெர்த்திலிருந்து லண்டனுக்குச் சுமார் பதினேழு மணி நேரத்தில் நிற்காமல் போகும் சேவை நன்றாக ஓடுவதால், இதற்கும் ஆள் கிடைக்கும் என்றே தோன்றுகிறது. அலுவலாகப் போகிறவருக்கு நான்கு மணி நேரம் பெரிது. வயதான பெற்றோரை அனுப்புகிறவர்கள் மட்டும் சிங்கப்பூரில் இறங்கி, கால் நீட்டி நடந்து, முகம் கழுவி, ஒரு காப்பி குடித்துவிட்டு மறுபடி ஏறும் வழியை அவசரப்பட்டுக் கைவிட வேண்டாம். அதற்காகும் கூடுதல் தூரம் 162 கிலோமீட்டர்தான்.